சியா விதைப் புட்டிங்கும் நம் ஊர்க் கடற்பாசியும்

உணவு ஆலோசனைக்கு வருவோரில் சிலர் அண்மைக் காலமாக ஒரு சிறு பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைக்கின்றனர். சென்னையிலோ வளைகுடா நாட்டிலோ பணிபுரியும் மகன் அனுப்பிய சியா விதை அது. "இதைச் சாப்பிட்டால் சர்க்கரை குறையுமாமே, எப்படிச் சாப்பிடுவது?" என்பது அவர்களின் கேள்வி. அந்த விதையைக் கொண்டு காலை உணவாகப் புட்டிங் செய்யும் முறையையும், யார் அதை உண்ணலாம், யார் தவிர்க்க வேண்டும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. விதை கிடைக்காதோர்க்கும் விலை கட்டுப்படியாகாதோர்க்கும் நம் கரையிலேயே உள்ள மாற்று ஒன்றும் பின்னர்க் கூறப்படுகிறது.

சியா, துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த செடி. மெக்சிகோவும் குவாத்தமாலாவும் அதன் தாயகம். மைசூருவிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியால் கர்நாடக உழவர்களும் இதைப் பயிரிடத் தொடங்கினர். நாம் சர்பத்தில் இடும் சப்ஜா, திருநீற்றுப்பச்சையின் விதை. அதுவும் அதே குடும்பம்தான். ஆனால் வேறு செடி. கடைகளில் ஒன்றின் பெயரில் மற்றொன்றை விற்பதும் உண்டு. சப்ஜா முழுக் கறுப்பாக, மினுமினுப்பின்றி இருக்கும். சியா வழவழப்பாக, சாம்பலும் கறுப்பும் வெள்ளையும் கலந்த புள்ளிகளுடன் இருக்கும்.

இரண்டு மேசைக்கரண்டி சியா விதை ஏறத்தாழ 25 கிராம் எடை கொண்டது. அதில் 8 கிராமுக்கும் சற்று மிகுதியான நார்ச்சத்தும், 4 கிராம் புரதமும், 120 கலோரி ஆற்றலும் உள்ளன. ஒருவர்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 கிராம் நார்ச்சத்து தேவை என்பதால் இவ்வளவு சிறிய விதைக்கு இது பெரிய பங்கே. விதையை நீரில் இட்டால் தன் எடையைப் போல் பத்து மடங்கு நீரை உறிஞ்சி வழவழப்பான கூழாகிறது. இக்கூழ் குடலில் உணவு செரிக்கும் வேகத்தைத் தணிப்பதால், உண்டபின் இரத்தச் சர்க்கரை சட்டென்று உயராமல் மெல்ல உயர்கிறது. விதையின் பயன் அவ்வளவே. சர்க்கரை நோய்க்கு இது மருந்தன்று. மாத்திரைக்கு மாற்றும் அன்று. இதிலுள்ள ஒமேகா-3 கொழுப்பைப் பற்றியும் மிகுதியாகப் பேசப்படுகிறது. தாவர வகை ஒமேகா-3இல் மிகச் சிறு பகுதியே உடலுக்குள் மீனில் உள்ள வகையாக மாறுகிறது. வாரம் இருமுறை மத்தி மீன் குழம்பு உண்ணும் பாம்பன் குடும்பம் அதற்காகச் சியாவை வாங்க வேண்டியதில்லை. சைவ உணவினர்க்கு அது ஓரளவு உதவும்.

இனிச் செய்முறை. ஒருவர்க்கு இரண்டு மேசைக்கரண்டி விதையும் 200 மில்லி பாலும் போதும். பாலைக் காய்ச்சி, முழுதும் ஆறவைத்து, விதையைத் தூவிக் கலக்க வேண்டும். பத்து நிமிடம் கழித்து மீண்டும் ஒருமுறை நன்கு கலக்க வேண்டும். இல்லையேல் விதைகள் அடியில் கட்டிதட்டி, உட்புறம் உலர்ந்தே நின்றுவிடும். பின்னர்க் குளிர்பதனப் பெட்டியில் இரவு முழுதும் வைத்தால் காலையில் கெட்டியாக இருக்கும். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில், நம் ஊர் வெப்பத்தில், பாலில் ஊறவைத்து இரவு முழுதும் வெளியே வைக்கவே கூடாது. அத்தகையோர் காலையில் எழுந்ததும் கொதித்து ஆறிய நீர் முக்கால் குவளையில் விதையை ஒரு மணி நேரம் ஊறவிட்டு, உண்ணும் வேளையில் புதிதாகக் காய்ச்சி ஆற்றிய பாலைச் சேர்த்துக்கொள்ளலாம். சுவையில் பெரிய வேறுபாடு இல்லை.

இனிப்புக்கு ஏலக்காய்ப் பொடியும், நறுக்கிய கொய்யாவோ பப்பாளியோ ஒரு கைப்பிடியும் போதும். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டியைச் சேர்க்கலாமா என்று கேட்காதவர் இல்லை. கருப்பட்டியின் மணத்தை எதுவும் ஈடுசெய்யாது என்பது உண்மைதான். எனினும் இரத்தத்தில் அதுவும் சர்க்கரையாகவே சேரும். நீரிழிவு உள்ளோர் அதையும் தேனையும் வெள்ளைச் சர்க்கரையைப் போலவே கருத வேண்டும். வறுத்த நிலக்கடலை ஒரு மேசைக்கரண்டி தூவினால் பசி தாங்கும்.

பராமரிப்போர் தவறாது அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. உலர்ந்த சியா விதையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கும் வழக்கம் ஆபத்தானது. 39 வயதான ஒருவர் ஒரு மேசைக்கரண்டி உலர் விதையை விழுங்கி நீர் அருந்தியபோது, அது உணவுக்குழாயிலேயே உப்பி அடைத்துக்கொண்ட நிகழ்வு 2014இல் அமெரிக்காவில் நடந்த இரைப்பை குடல் மருத்துவர் மாநாட்டில் எடுத்துரைக்கப்பட்டது. அவர்க்கு முன்பே விழுங்குவதில் அவ்வப்போது இடர்ப்பாடு இருந்தது. எனவே விதை முழுதும் ஊறிய பின்னரே வாய்க்குச் செல்ல வேண்டும். பக்கவாதத்துக்குப் பின் விழுங்கும்போது இருமலோ புரையேறுதலோ உள்ளவர்க்கு ஊறிய விதையையும் மருத்துவர் பார்க்காமல் கொடுக்கக் கூடாது. கூழும் விதையும் கலந்த உணவை அவர்களால் வாயில் ஒருங்குசேர்த்து விழுங்க இயலாமல் போகலாம். அண்மையில் வயிற்று அறுவை செய்துகொண்டோரும், குடல் அடைப்பு வந்தோரும் இதைத் தவிர்ப்பதே நன்று.

அடுத்தது மாத்திரை பற்றியது. வழக்கமாக நான்கு இட்லி உண்டு, இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துவருபவர் ஒருநாள் திடீரென இட்லியை விட்டுப் புட்டிங் மட்டும் உண்டால், மாவுச்சத்து ஏறத்தாழப் பாதியாகக் குறையும். மருந்தின் அளவோ மாறாது. முற்பகலில் வியர்வை, கைநடுக்கம், படபடப்பு தோன்றினால் அது தாழ்சர்க்கரையாக இருக்கலாம். உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிடில் மீண்டும் குடித்து, மருத்துவமனைக்கு வர வேண்டும். முதல் வாரத்தில் இரண்டு இட்லியுடன் அரைக் கிண்ணம் புட்டிங் எனத் தொடங்குவது பாதுகாப்பானது. தைராய்டு மாத்திரை எடுப்போர் வெறும் வயிற்றில் மாத்திரையை விழுங்கி, ஒரு மணி நேரம் கழித்தே இதை உண்ண வேண்டும். சிறுநீரக நோயாளிகள், விதையிலும் பாலிலும் உள்ள பாஸ்பரசு, பொட்டாசியம் ஆகியவற்றைக் கருதி மருத்துவரிடம் கேட்டபின் முடிவுசெய்ய வேண்டும். நீர் அளவு வரையறுக்கப்பட்ட இதய நோயாளிகள் புட்டிங்கிலுள்ள பாலையும் நீரையும் அன்றைய கணக்கில் சேர்க்க வேண்டும். அத்தகைய வரையறை இல்லாதோர் நார்ச்சத்தைக் கூட்டும்போது தண்ணீரையும் கூட்டாவிடில் மலச்சிக்கல் தீராது, மிகும்.

இனி நம் கரையின் மாற்று. சப்ஜாவை ஊறவைத்தால் விதைகள் தனித்தனியே மிதக்குமேயன்றிச் சியாவைப் போல் இறுகிப் புட்டிங் ஆகாது. அதை இறுக்கக் கடற்பாசி உதவும். மண்டபம், பாம்பன் கடலில் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி ஆகியவற்றிலிருந்துதான் அகர் எடுக்கப்படுகிறது. பாம்பனை அடுத்த சின்னப்பாலத்தைச் சேர்ந்த பாசி சேகரிக்கும் பெண் ஒருவர்க்கு 2015இல் சீகாலஜி விருது கிடைத்ததைப் பலர் அறிவர். கீழக்கரை வீடுகளில் நோன்பு திறக்கும் வேளையில் கடற்பாசி செய்யும் கைகளுக்கு இச்செய்முறை புதிதன்று.

நால்வர்க்கு, கடையில் கிடைக்கும் தூய கடற்பாசி 5 கிராம் எடுத்து இருபது நிமிடம் ஊறவைத்து, ஒரு குவளை நீரில் இழைகள் அறவே கரையும்வரை கொதிக்கவிட வேண்டும். அரை லிட்டர் பாலைச் சூடாகவே இதில் ஊற்ற வேண்டும். குளிர்ந்த பாலை ஊற்றினால் திரிதிரியாகிவிடும். வடிகட்டிச் சற்று ஆறியதும், தனியே நீரில் ஊறிய சப்ஜா இரண்டு தேக்கரண்டியைக் கலந்து தட்டில் ஊற்றினால் அரைமணி நேரத்தில் இறுகும். ஒருமுறை இறுகிய அகர் 85 பாகை அளவு சூட்டில்தான் உருகும் என்பதால் சித்திரை வெயிலிலும் குலையாது. ஆயினும் இதில் பால் இருப்பதால் குளிர்பதனப் பெட்டி இல்லாதோர் செய்த காலையிலேயே உண்டு முடிக்க வேண்டும்.

இதில் நார்ச்சத்து சியாப் புட்டிங்கைவிடக் குறைவு, புரதமும் பாலளவே. ஆகவே இதை மட்டும் காலை உணவாகக் கொள்ளாமல், ஒரு கிண்ணம் பச்சைப்பயற்றுச் சுண்டலோ அவித்த முட்டையோ உடன் சேர்க்க வேண்டும். அடுத்த முறை ஆலோசனைக்கு வரும்போது, விதைப் பொட்டலத்துடன் மாத்திரைச் சீட்டையும், வீட்டுக் கருவியில் சர்க்கரை பார்த்த குறிப்பையும் எடுத்துவாருங்கள்; உங்களுக்குரிய அளவை அவற்றைப் பார்த்தே சொல்ல முடியும்.