விமான நிலைய இணையத்தளம்: வாசிக்கும் முறையும் அமைக்கும் முறையும்

நம்ம தோட்டங்களிலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். மலையிலிருந்து கட்டுநாயக்கவுக்கு வேனில் போக ஐந்தாறு மணித்தியாலம் எடுக்கும். நாளைப் பிழையாக விளங்கிக்கொண்டால் டிக்கட் காசும் வேன் கூலியும் வீண்தான். ஆகவே, விமான நிலையத்தின் இணையத்தளத்தைக் கைபேசியில் பார்க்க நாம் பழகிக்கொள்ள வேண்டும்.

கவனிக்க வேண்டியவை:

1. விமான இலக்கம். டிக்கட்டில் பெரும்பாலும் இரண்டு எழுத்தும் பின்னால் எண்ணும் இருக்கும். யூ.எல். என்றால் ஸ்ரீலங்கன், ஈ.கே. என்றால் எமிரேட்ஸ், கியூ.ஆர். என்றால் கட்டார் எயார்வேஸ். ஊர்ப் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். ஒரே ஊருக்கு ஒரே நாளில் பல விமானங்கள் போகும்.

2. நாளும் நேரமும். நேரம் 24 மணிக் கணக்கில் இருக்கும். 15ஆம் திகதி 00.40 என்றால், 14ஆம் திகதி இரவு பன்னிரண்டு கழிந்து நாற்பது நிமிடம். 15ஆம் திகதி இரவு போய் நின்றால் விமானம் முந்திய இரவே போயிருக்கும்!

3. அந்தந்த ஊர் நேரம். புறப்படும் நேரம் புறப்படும் ஊர்க் கணக்கு. இறங்கும் நேரம் இறங்கும் ஊர்க் கணக்கு. துபாய் நமக்கு ஒன்றரை மணித்தியாலம் பிந்தியது. குவைத், சவூதி, கட்டார் இரண்டரை மணித்தியாலம் பிந்தியவை.

4. நிலவரம். 'டிலேயிட்' என்றால் தாமதம், 'கேன்சல்ட்' என்றால் ரத்து, 'லேண்டட்' என்றால் தரையிறங்கிவிட்டது. ஆளைக் கூட்டிவரப் போகிறவர்கள் வேன் எடுக்குமுன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, கணினி படிக்கும் நம்ம பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நாளைக்கு நீங்கள் இப்படியொரு தளத்தை அமைக்கலாம். பயணி தேடி வருவது அழகான படத்தை அல்ல. விமான இலக்கத்தைப் போட்டுத் தேடும் இடம் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். நள்ளிரவு கழிந்த விமானத்துக்கு "14ஆம் திகதி இரவே வரவும்" என்று பச்சையாக எழுதுங்கள். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஒரே விவரம் வேண்டும். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். சிக்னல் குறைந்த லயத்திலும் பக்கம் திறக்க வேண்டுமானால் பாரமான படங்களைக் குறையுங்கள்.

பலாலி, மத்தள போன்ற சிறிய நிலையங்களுக்கு இன்னொன்றும் வேண்டும். அங்கே விமானங்கள் குறைவு. எந்தெந்தக் கிழமைகளில் விமானம் உண்டு, பட்டணத்திலிருந்து எப்படிப் போவது என்பவை மேலேயே தெரிய வேண்டும். வேலை முடிந்ததும் கைபேசியை அம்மா கையில் கொடுத்துப் பாருங்கள். அவர் யாரிடமும் கேட்காமல் விமானத்தைக் கண்டுபிடித்தால் தளம் நல்ல தளம்.

பயிற்சி: விமானம் 15ஆம் திகதி 00.40க்கு. மூன்று மணித்தியாலத்துக்கு முன் நிலையத்தில் நிற்க வேண்டும். வேன் பயணம் ஆறு மணித்தியாலம். எப்போது கிளம்புவீர்கள்?

விடை: 14ஆம் திகதி பிற்பகல் 3.40க்கு. வீட்டில் எல்லோரும் ஒருமுறை செய்து பாருங்கள்.