கண் சொட்டு மருந்து: அங்கத்தினர்கள் அறிய வேண்டியவை

இருப்பதைப் பகிர்ந்து கொள்வது கூட்டுறவாளரின் நல்வழக்கம். ஒரு வீட்டில் மீந்த விதை அடுத்த வீட்டு வயலுக்குப் போகிறது. ஒரு நெசவாளர் வீட்டு அச்சு மற்றொருவர் தறிக்கு இரவலாகப் போகிறது. இவ்வழக்கத்தை நம்மில் பலர் கண் மருந்திலும் கடைப்பிடிக்கிறோம். ஒருவருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த சீசா, கண் சிவந்த மற்றவர் கைக்கு மாறுகிறது. இந்த ஒன்றில் மட்டும் இரவல் ஆகாது. காரணத்தை இப்பாடத்தில் ஆராய்வோம்.

துளி செல்லும் வழி

சீசாவிலிருந்து விழும் ஒரு துளியே கண் கொள்ளக்கூடிய அளவுக்கு அதிகம். மிகுந்தது கன்னத்தில் வழிகிறது. ஒரு பகுதி, மூக்கை ஒட்டிய கண் மூலையிலுள்ள நுண்துளை வழியாக மூக்கிலும் தொண்டையிலும் இறங்கி இரத்தத்தில் கலக்கிறது. மருந்து விட்ட பின் தொண்டையில் கசப்புத் தோன்றுவது இதனாலேயே. ஆகவே கண்ணில் விட்ட மருந்து கண்ணோடு நிற்பதில்லை. கண் அழுத்த நோய்க்குத் தரப்படும் டிமோலால் என்னும் மருந்து, ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுத் திணறலை உண்டாக்கலாம். நாடித் துடிப்பையும் குறைக்கலாம். எனவே இரைப்பு, இருதய நோய் உள்ளவர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

விரைவில் சுகம், பின்னர் இழப்பு

ஸ்டீராய்டு வகைச் சொட்டு மருந்துகளே மிகுந்த ஜாக்கிரதைக்கு உரியவை. டெக்ஸாமெதசோன், பெட்டாமெதசோன், பிரெட்னிசோலோன் என்னும் பெயர்கள் சீசாவின் மேல் இருந்தால் அவை இவ்வகையைச் சேர்ந்தவை. கண்புரை அறுவைக்குப் பின் வீக்கம் தணிய இவற்றை டாக்டர்கள் தருவது முறையே. ஆனால் வீட்டில் மீந்த சீசாதான் வினையாகிறது. சிவப்பும் அரிப்பும் விரைவில் அடங்குவதால் ‘நல்ல மருந்து’ என்று பெயர் எடுத்துவிடுகிறது. அதனால் நேரும் கேடுகள் மூன்று.

முதலாவது, சில வாரங்கள் தொடர்ந்து விட்டால் பலருக்குக் கண்ணின் உள் அழுத்தம் உயர்கிறது. பெரும்பாலும் வலி இராது. பார்வை ஓரத்திலிருந்து சுருங்கும். அவ்வாறு போன பார்வை திரும்புவதில்லை. கோடைதோறும் கண் அரிப்பால் வருந்தும் சிறுவர்களுக்குப் பழைய சீட்டைக் காட்டி மீண்டும் மீண்டும் இம்மருந்தை வாங்கி விடும் பெற்றோர் இதை மறக்கலாகாது.

இரண்டாவது, நெடுநாள் உபயோகத்தால் இளம் வயதிலேயே கண்புரை உண்டாகலாம்.

மூன்றாவது, உழவர்களுக்கு உரியது. நெல் தாளோ கரும்புச் சோகையோ கருவிழியைக் கீறினால், அக்காயத்தில் பூஞ்சைக் கிருமி புகுந்து புண்ணாகலாம். அதற்கு நாட்டாமைசின் போன்ற தனி மருந்து உண்டு. ஸ்டீராய்டு துளியோ கண்ணின் எதிர்ப்புச் சக்தியைத் தணித்துப் பூஞ்சை பெருக வழி செய்யும். தாய்ப்பாலும் இலைச்சாறும் விடுவதும் தீங்கே.

இவற்றைக் கேட்டு அஞ்சி, டாக்டர் தந்த மருந்தைத் தாமாக நிறுத்துவதும் தவறு. ஸ்டீராய்டைப் பெரும்பாலும் படிப்படியாகவே குறைக்க வேண்டும். கண் அழுத்த நோய்க்கான மருந்தால் சுகம் எதுவும் தெரியாவிடினும் அது எஞ்சிய பார்வையைக் காக்கிறது.

மருந்து விடும் முறை

1. கைகளைச் சோப்பிட்டுக் கழுவுக. சீசாவின் பெயரையும் காலாவதித் தேதியையும் வெளிச்சத்தில் படித்துப் பார்க்க.

2. தலையைச் சாய்த்து, கீழ் இமையை இழுத்து, அந்தப் பையில் ஒரே துளி விடுக. சீசாவின் முனை கண்ணிலோ இமையிலோ படலாகாது.

3. கண்ணை மூடி, மூக்கோர மூலையை விரலால் இரண்டு நிமிடம் மெதுவாக அழுத்துக. மருந்து இரத்தத்தில் கலப்பது குறையும்.

4. இரண்டு மருந்துகள் இருப்பின், இடையே ஐந்து நிமிடமாவது விடுக.

5. திறந்த தேதியைச் சீசாவில் எழுதுக. பொதுவாக நான்கு வாரத்திற்குப் பின் மீதியை எறிந்துவிட வேண்டும். சீசாவில் வேறு கெடு குறித்திருந்தால் அதன்படி செய்க.

6. தகரக் கூரைத் தறிக்கூடத்தின் வெப்பத்தில் மருந்தை வைக்கலாகாது.

7. பரிசோதனைக்காகப் பாவையை விரிக்கும் மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும். அது தெளியும் வரை தறியில் அமர்வதும் வண்டி ஓட்டுவதும் வேண்டாம்.

கண்ணில் கடும் வலி, பார்வை மங்கல், கருவிழியில் வெண்புள்ளி, வெளிச்சம் காணக் கூச்சம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றே கண் டாக்டரிடம் செல்க. முன்பு உபயோகித்த சீசாக்களையும் உடன் கொண்டு செல்க.

இழை அறுந்தால் பிணைக்கலாம். பயிர் பொய்த்தால் மறு போகம் உண்டு. கருவிழிப் புண்ணாலும் கண் அழுத்தத்தாலும் போகும் பார்வைக்கோ பெரும்பாலும் மறு போகம் இல்லை. அங்கத்தினர்கள் இன்றே தத்தம் வீட்டு மாடத்தைப் பார்த்து, மீந்த பழைய சீசாக்களை அகற்றிவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

படிப்பு வட்டத்திற்குரிய வினாக்கள்

1. ஒருவர் கண்ணுக்குத் தந்த மருந்து மற்றவருக்கு ஏன் ஆகாது?

2. நெல் தாள் கீறிய கண்ணுக்கு உடனே செய்ய வேண்டியது யாது? செய்யக் கூடாதது யாது?

3. நம் ஊரிலிருந்து கண் டாக்டரிடம் விரைவில் செல்லச் சங்கம் என்ன உதவி செய்யலாம்?