பழைய லைக்கா கேமரா: வாங்குவதா, விடுவதா?

"காலமான ஒரு ஸ்டூடியோக்காரர் வீட்டிலிருந்து பழைய ஜெர்மன் கேமரா ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. லைக்கா எம்3 என்கிறார்கள். லென்ஸுடன் ஒன்றரை லட்சம் சொல்கிறார்கள். வாங்கிப் போடலாமா?" என்று எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர் நம்மிடம் கேட்டிருந்தார். புதுச் சரக்கில் ஒரு பெட்டி போனால் அடுத்த பெட்டி வரும். கழிவு, வாரண்டி எல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ளும். பழைய பொருளில் ஒவ்வொன்றும் தனி உருப்படி. தவறாக வாங்கினால் அந்த ஒன்றே முதலைத் தின்றுவிடும். ஆகவே சற்று விரிவாகவே பார்ப்போம்.

முதலில், பொருள் இன்னதென்று தெரிய வேண்டும். எம்3 'ரேஞ்ச்ஃபைண்டர்' வகைக் கேமரா. லென்ஸ் வழியாகப் பார்க்கும் ஏற்பாடு இதில் கிடையாது. முன்பக்கம் ஒன்றுக்கொன்று தள்ளி இரண்டு சாளரங்கள் இருக்கும். கண் வைத்துப் பார்த்தால் காட்சியின் நடுவில் வெளிச்சமான சிறு கட்டம் தெரியும். அதற்குள் உருவம் இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருகத் திருக ஓர் உருவம் நகர்ந்து மற்றதோடு சேரும். இரண்டும் ஒன்றானால் ஃபோகஸ் சரி. 1954இல் ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகர லைட்ஸ் நிறுவனம் எம்3ஐ வெளியிட்டது. அதற்கு முந்தைய லைக்காக்களில் ஃபோகஸ் பார்க்க ஒரு துளை, காட்சி பார்க்க இன்னொரு துளை. எம்3இல் இரண்டும் ஒன்றாயின. லென்ஸையும் மரை திருகி மாட்டாமல் சற்றே திருப்பி மாட்டும்படி செய்தார்கள். 1966 வரை இரண்டு லட்சத்துக்கு மேல் தயாரானது.

இந்த எண்ணிக்கையை வியாபாரி மறக்கக் கூடாது. எம்3 அபூர்வப் பொருள் அல்ல. 2022 ஜூனில் வெட்ஸ்லர் ஏலத்தில் ஒரு லைக்கா 1 கோடியே 44 லட்சம் யூரோவுக்குப் போன செய்தியைப் படித்துவிட்டு, தாத்தா பெட்டியைத் திறந்தவர்கள் உண்டு. அது 1920களில் சோதனைக்காகச் செய்த மிகச் சில கேமராக்களில் ஒன்று. அதுவும் லைக்காவை உருவாக்கிய ஆஸ்கர் பர்னாக்கே வைத்திருந்தது. அந்தக் கணக்கு வேறு. எம்3க்கு விலை கிடைப்பது, இன்றும் அதில் ஃபிலிம் போட்டுப் படம் எடுக்கலாம் என்பதால். வாங்குபவரில் பெரும்பாலோர் எடுத்துப் பயன்படுத்துவார்கள். வேலை செய்யாத எம்3க்கு உதிரிப்பாகத்துக்கான விலைதான்.

ஆகவே பார்க்க வேண்டியது பளபளப்பை அல்ல. கண் வைத்துப் பார்க்கும் துளைதான் முதல் சோதனை. எம்3க்குள் இருக்கும் கண்ணாடிப் பட்டகம் இரண்டு துண்டுகளைப் பசையால் ஒட்டிச் செய்தது. எழுபது ஆண்டில் அந்தப் பசை காய்ந்து விட்டுப்போகலாம். கீழே விழுந்து அடிபட்டால் சட்டென்று பிரியலாம். பிரிந்தால் காட்சி இருண்டுவிடும், அல்லது நடுக் கட்டம் மங்கி மறைந்துவிடும். ஓரங்களில் கறுப்புப் படிவு தெரிந்தாலும் அது தொடங்கிவிட்டது என்று பொருள். துடைத்துச் சரிசெய்யும் அழுக்கு அல்ல அது. பட்டகத்தையே மாற்ற வேண்டும். அதற்கு இன்னொரு பழைய கேமராவைப் பிரிக்க வேண்டும், அல்லது வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும்.

இதை நாங்கள் காசு கொடுத்துக் கற்றோம். சில ஆண்டுகளுக்கு முன் வந்த ஓர் எம்3 வெளியே புதுசு போல இருந்தது. கட்டம் கொஞ்சம் மங்கல். "சுத்தம் செய்தால் போய்விடும்" என்றார் கொண்டுவந்தவர். அவர் பொய் சொன்னதாக இன்றும் நாங்கள் நினைக்கவில்லை, அவருக்கும் தெரியாது. மெக்கானிக் மேல்மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்ப மூடினார். எட்டு மாதம் அலமாரியில் கிடந்து, வாங்கியதற்கும் குறைவாகப் போனது.

கட்டம் தெளிவாக இருந்தால் அடுத்தது, உருவங்கள் சரியாகச் சேர்கின்றனவா என்பது. கடை வாசலில் நின்று தூரத்து செல்போன் கோபுரத்தையோ கோயில் கலசத்தையோ பாருங்கள். ஒரு கிலோமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். லென்ஸை முடிவிலி வரை திருப்பினால் இரண்டு கோடுகளும் ஒன்றாக வேண்டும். பக்கவாட்டில் விலகினாலும், ஒன்று மேலும் ஒன்று கீழுமாக நின்றாலும் திருத்தலாம், பயப்பட வேண்டாம். ஆனால் கூலி உண்டு. முடிந்தால் வேறொரு லென்ஸையும் மாட்டிப் பாருங்கள். பிழை கேமராவிலா லென்ஸிலா என்று அப்போதுதான் தெரியும்.

ஷட்டர் ரப்பர் பூசிய துணியால் ஆனது. லென்ஸ் மூடியில்லாமல் வெயிலைப் பார்த்து வைத்தால், பூதக்கண்ணாடியில் காகிதம் எரிவது போல, துணி பொசுங்கி ஓட்டை விழும். இருட்டறையில் லென்ஸைக் கழற்றிவிட்டு, பின்கதவு வழியாக டார்ச் அடித்து முன்னாலிருந்து பார்த்தால் ஊசித் துளையும் நட்சத்திரம் போலத் தெரியும். பிறகு 1 வினாடி வேகத்தில் வைத்து அழுத்துங்கள். இழுத்து இழுத்து நின்றால் உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கிறது. இப்போது இதற்குக் கைபேசியே போதும். வினாடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவோட்ட வீடியோவில் 1/15 வேகம் சுமார் 16 படங்களுக்குத் திறந்திருக்க வேண்டும். இருபத்தைந்து வந்தால் கேமரா சர்வீசுக்குப் போக வேண்டும். 1/1000 போன்ற உயர்ந்த வேகங்களை இப்படி அளக்க முடியாது. அதற்கு மெக்கானிக்கிடம் கருவி இருக்கிறது.

லென்ஸைத் தனிச் சரக்காகவே மதிப்பிடுங்கள். இந்த வகை லென்ஸ்களில் பெரும்பாலானவை இன்றைய டிஜிட்டல் லைக்காவிலும் பொருந்துவதால், சில நேரம் கேமராவைவிட லென்ஸுக்கு ஆள் சீக்கிரம் கிடைப்பார். நம் ஊர் ஈரக் காற்றில் பெரிய எதிரி பூஞ்சை. டார்ச் வெளிச்சத்தைச் சாய்த்து அடித்துப் பார்த்தால் சிலந்தி வலை போல் தெரியும். மேலோட்டமாக இருந்தால் துடைக்கலாம்; கண்ணாடியை அரித்துவிட்டால் போகாது. தோல் உறையிலேயே வைத்திருந்த லென்ஸ் என்றால் இரண்டு முறை பாருங்கள், தோல் ஈரத்தை இழுத்து வைக்கும்.

போலியைப் பற்றியும் கேட்கிறார்கள். மரை லென்ஸ் மாட்டும் பழைய லைக்காக்களில்தான் அந்தத் தொல்லை அதிகம். சோவியத் நாட்டில் 1934 முதல் ஃபெட், 1948 முதல் ஜோர்க்கி என்று லைக்காவைப் பார்த்துச் செய்த கேமராக்களைச் சுரண்டி, லைக்கா பெயரும் ஜெர்மன் இராணுவ முத்திரையும் பொறித்து விற்றார்கள். கழுகுச் சின்னமும் தங்கப் பூச்சும் கண்டால் லென்ஸைக் கழற்றி உள்ளே பாருங்கள். ஃபோகஸைத் தொடும் கையின் நுனியில் லைக்காவில் உருளும் சிறு சக்கரம் இருக்கும். சோவியத் நகல்களில் பெரும்பாலும் ஆப்பு போன்ற முனை. எம்3இல் மோசடி வேறு விதம்: குரோம் கேமராவுக்குக் கறுப்பு வண்ணம் பூசி, தொழிற்சாலைக் கறுப்பு என்று பல மடங்கு விலை சொல்வார்கள். மேல்தகட்டு வரிசை எண்ணை வெளியாகியுள்ள பட்டியல்களோடு ஒத்துப் பார்க்காமல் கறுப்புக்கு ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

இனி கணக்கு. எவ்வளவு கேட்கிறார்கள் என்பது விலை அல்ல, எவ்வளவுக்கு விற்று முடிந்தது என்பதே விலை. விசாரித்ததில் நல்ல நிலையில் உள்ளது ஒன்றரை லட்சத்துக்குப் போகும் என்று தெரிந்ததாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அதை 90,000 கொடுத்து வாங்குகிறோம். சர்வீஸ் 25,000. ஆறு மாதம் கிடக்கும் என்று கொண்டால், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டியில் 6,900. பழைய பொருள் வியாபாரிக்கு, உள்ளீட்டு வரி வரவு எடுக்காத நிலையில், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தின் மீது மட்டும் ஜி.எஸ்.டி. செலுத்தும் வசதி உண்டு. ஆனால் சர்வீஸ் செலவு அந்த வித்தியாசத்தில் கழியாது. 60,000 வித்தியாசத்தில் 18 சதவீத வரி அடக்கம் என்று கொண்டால் 9,150 ரூபாய் வரிக்குப் போகிறது. மிச்சம் ஏறத்தாழ 19,000. இதில் கடை வாடகை இல்லை. இதே கேமராவில் பட்டகம் போயிருந்து சர்வீஸ் 60,000 ஆனால், வட்டியும் கூடி, 18,000 ரூபாய் கைநஷ்டம். ஆக, ஒன்றரை லட்சத்துக்கு விற்கக்கூடிய பொருளை அந்த உறுப்பினர் ஒன்றரை லட்சத்துக்கு வாங்கவே முடியாது.

வாங்குவதானால் கொடுப்பவரின் அடையாள நகல், வரிசை எண், கையெழுத்து மூன்றும் பதிவேட்டில் ஏற வேண்டும். திருட்டுப் பொருள் வந்தால் நாளை காவல் நிலையத்தில் நிற்பது நாம். பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள்; ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிக் கணக்கில் அந்தச் செலவு ஏற்கப்படாது.

ஒரு சங்கடம் மிஞ்சுகிறது. ஒன்றரை லட்சம் கேட்பவரிடம் 90,000 என்றால் ஏமாற்றுகிறோம் என்று நினைப்பார். மாறாக, விவரம் தெரியாத ஓர் அம்மா வந்து "இருபதாயிரம் கிடைக்குமா தம்பி?" என்று கேட்டால், சரி என்று வாங்கிக்கொள்ள நமக்கு ஆசை வரும். கணவர் ஆயுள் முழுக்கக் கழுத்தில் மாட்டித் திரிந்த பொருள் அது. இந்த இரண்டு நிலையிலும் நாங்கள் இப்போது செய்வது ஒன்றுதான். கணக்கை மேலே எழுதியபடி தாளில் எழுதி அவர்கள் கையில் கொடுத்துவிடுகிறோம். விலை ஒத்துவந்தால் வாங்குகிறோம். வராவிட்டால் கமிஷனுக்கு வைத்துக்கொள்கிறோம்: சர்வீஸ் செலவு அவர்களுடையது, விற்ற விலையில் நூற்றுக்குப் பன்னிரண்டு நமக்கு, ஆறு மாதத்தில் போகாவிட்டால் பொருளைத் திருப்பித் தருவோம், நம் பொறுப்பில் இருக்கும்வரை உடைந்தால் நாம் ஈடு. இதையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறோம். நம் முதல் முடங்குவதில்லை. கேள்வி கேட்ட உறுப்பினரும் அந்த வீட்டாரிடம் இப்படியே பேசிப் பார்க்கலாம். அதற்கு முன் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு போகட்டும்.