கைப்பையும் பொய்க்குறியும்

நம் விடுதி நண்பர் ஒருவர், மூன்று மாத உதவித்தொகையை மிச்சம் பிடித்து, தங்கையின் திருமணத்திற்காகப் பாரிசு நிறுவனத்தின் கைப்பை ஒன்று வாங்கினார். முன்பு ஒருவர் பயன்படுத்தியதுதான். ஆயினும் ‘அசல்’ என்று உறுதி கூறினார் விற்றவர். ஆறு மாதத்தில் கைப்பிடியின் விளிம்புப் பூச்சு உரிந்தது. பழுது பார்க்கப் போன இடத்தில் அது போலி என்று தெரிந்தது. ரசீது இல்லை, விற்றவரும் அகப்படவில்லை. பணம் போனதைவிட, தங்கைக்கு என்ன சொல்வது என்பதே அவருக்குப் பெருந்துயராயிற்று. அத்துயர் பிறர்க்கு வாராதிருக்கச் சில செய்திகளை இங்குக் காண்போம்.

லூயி வித்தோன் 1854-இல் பாரிசில் பயணப் பெட்டி செய்யும் தொழிலைத் தொடங்கினார். அப்பெட்டிகளைப் பலர் பார்த்துச் செய்து விற்றனர். அதனைத் தடுக்கவே அவர் மகன் ஜார்ஜ், 1896-இல் எல், வி எழுத்துகளும் மலர்களும் கலந்த கோலத்தை அமைத்தார். போலியைத் தடுக்கப் பிறந்த அக்கோலமே இன்று மிகுதியாகப் போலி செய்யப்படுகிறது! குறியை எவரும் அச்சிடலாம். வேலைப்பாட்டை அவ்வாறு அச்சிட முடியாது. ஆதலின் குறியை விட்டு வேலையைப் பாருங்கள்.

முதலாவது, தையல். ஹெர்மெஸ் நிறுவனத்தார் பர்க்கின் பையின் கைப்பிடியை, ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்துக் கையால் தைக்கின்றனர். அத்தையல் சற்றே சாய்ந்திருக்கும். எந்திரத் தையலின் நேர்கோடு அங்கே தெரிந்தால் ஐயுறுங்கள்.

இரண்டாவது, தோல். வித்தோன் பைகள் பலவற்றின் கைப்பிடித் தோல் தாவரப் பொருளால் பதனிடப்பட்டது. வெயிலும் வியர்வையும் பட்டு நாளடைவில் தேன் நிறமாகும். மரப்பட்டையால் தோல் பதனிட்ட திண்டுக்கல், ஈரோட்டுப் பக்கத்தார்க்கு இது புதிதன்று. பத்தாண்டுப் பை என்கிறார். கைப்பிடியோ வெளுத்திருக்கிறது என்றால், கைப்பிடியை மாற்றியிருக்க வேண்டும். அல்லது சொல் பொய்யாக வேண்டும்.

மூன்றாவது, எண். 2007 முதல் 2021 தொடக்கம் வரை வித்தோன் பைகளுக்குள் இரண்டு எழுத்துகளும் நான்கு இலக்கங்களும் பொறிக்கப்பட்டன. முதல், மூன்றாம் இலக்கங்கள் வாரத்தையும், இரண்டாம், நான்காம் இலக்கங்கள் ஆண்டையும் காட்டும். 2108 என்றால் 2018-ஆம் ஆண்டின் 20-ஆம் வாரம். வாரக் கணக்கு 53-ஐத் தாண்டினால் பை பொய். ஆனால் சரியான எண்ணையும் போலியில் பொறிக்கலாம். எனவே எண் பொய்யைக் காட்டிக் கொடுக்குமே அன்றி, மெய்யை நிலைநாட்டாது. 2021 மார்ச்சு முதல் எண்ணுக்கு மாற்றாக நுண்சில்லு வைக்கப்படுகிறது.

இனி, விற்பவர். வித்தோன் நிறுவனம் தள்ளுபடி விற்பனை நடத்துவதில்லை. ஆகவே ‘புதியது, பாதி விலை’ என்ற சொல்லே எச்சரிக்கை. ‘ஃபர்ஸ்ட் காப்பி’ என்பது போலிக்கு இட்ட செல்லப்பெயர். போலிக் குறியிட்ட பொருளை விற்பது 1999-ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டப்படி குற்றம்.

பழைய பையாயின், வகை, நிறம், எண் ஆகியவற்றுடன் ‘போலியெனில் முழுப் பணமும் திருப்பித் தரப்படும்’ என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். ரொக்கமாகக் கொடாமல் வங்கி வழியே பணம் செலுத்துங்கள். கடைக்காரர் ஏமாற்றினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அப்போது அந்த ரசீதே நமக்குச் சான்று.

எழுதித் தர மறுப்பாரிடம் வாதம் வேண்டா. வணக்கம் சொல்லி வெளியேறுங்கள். பை போனால் வேறு பை கிடைக்கும். மூன்று மாத உழைப்பு மீண்டும் கிடைப்பதில்லை.