மின்சார ஏலம்: மலிவு மட்டும் போதுமா?

நாம் ஒரு பொருளை ஏலத்தில் விற்றால் கூடிய விலை கேட்பவருக்கே அது போகும். காற்று, சூரிய மின்சாரத்தை வாங்க அரசுகள் நடத்தும் ஏலத்திலோ குறைந்த விலை கேட்பவருக்கே ஒப்பந்தம். மின்சாரம் மலிவாகிறது, ஆனால் அது போதுமா?

இங்கிலாந்தில் 1990களில் நடந்த ஏலங்களில் விலை நன்கு இறங்கியது. ஆயினும் நிலையத்தைக் கட்டாது விட்டவருக்குத் தண்டம் இருக்கவில்லை. பல ஒப்பந்தங்கள் கடதாசியிலேயே நின்றுவிட்டன.

தென்னாபிரிக்கா 2011இல் தொடங்கிய ஏலத்தில் விலைக்கு 70 புள்ளிகளும், வேலைவாய்ப்பு, கிராம மேம்பாடு முதலியவற்றுக்கு 30 புள்ளிகளும் வழங்கப்பட்டன. பிணைப்பணமும் கேட்கப்பட்டது. நிலையத்தைச் சுற்றி 50 கிலோமீற்றருக்குள் வாழும் மக்களுக்குக் குறைந்தது 2.5 வீதப் பங்கு கட்டாயமாக்கப்பட்டது.

ஏலத்தின் பயன் அதன் விதிகளில் தங்கியுள்ளது. ஆகவே "விலை என்ன?" என்பதோடு, "கட்டி முடிப்பார்களா? அயலவருக்கு என்ன பங்கு?" என்றும் நாம் கேட்க வேண்டும்.