பெருவண்டியும் சிறு மரையாணியும்

அச்சாணி இல்லாத் தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் நாட்டுப் பழமொழி. தேருக்கு அச்சாணி எத்தகையதோ, மோட்டார் வண்டிக்கு மரையாணியும் அத்தகையதே. பொறியைச் சட்டத்தோடு பிணைப்பதும், சக்கரத்தை அச்சோடு பொருத்துவதும், சரக்குத்தட்டை அசையாது நிறுத்துவதும் அதுவே. ஆணியின் உடலைச் சுற்றிச் சுற்றிச் செல்லும் வரிக்குப் புரி என்பது பெயர். அப் புரிக்கு இயைந்த உட்புரியை உடையது மரை. பட்டறைகளில் ஆணியைப் போல்ட் என்றும், மரையை நட்டு என்றும் வழங்குவர். பழைய வண்டி ஒன்றனைப் புதுக்க முற்படுவோர்க்கு, இச் சிறு பொருள்களே பெருஞ் சோதனையாக அமைகின்றன.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைகளுக்குப் பெரிதும் பயன்பட்டது, ஜி.எம்.சி. நிறுவனத்தின் இரண்டரை டன் லாரியாகும். சி.சி.கே.டபிள்யூ. என்பது அதன் குறிப்பெயர். 1941 முதல் 1945 வரை இவ்வகை வண்டிகள் ஐந்து இலட்சத்திற்கும் மேலாகச் செய்யப்பெற்றன. 1944-ஆம் ஆண்டில் நேச நாட்டுப் படைகள் பிரான்சு நாட்டினுள் விரைந்து முன்னேறின. புகைவண்டிப் பாதைகள் குண்டுவீச்சினால் சிதைந்து கிடந்தன. எனவே எரிபொருள், உணவு, வெடிபொருள் ஆகியவற்றை லாரிகளே சுமந்து செல்ல நேர்ந்தது. ரெட் பால் எக்ஸ்பிரஸ் எனப் பெயர் பெற்ற இவ்வழங்கற்பணி, அவ்வாண்டு ஆகஸ்டு 25 முதல் நவம்பர் 16 வரை நடைபெற்றது. அதன் ஓட்டுநர்களுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் கறுப்பின அமெரிக்கர். நிறவேற்றுமை காரணமாகப் போர்முனைப் பிரிவுகளில் பெரும்பாலும் இடம் பெறாத அவர்கள், இரவும் பகலும் வண்டி செலுத்திப் படையின் உயிர்நாடியாய் விளங்கினர். அவர்தம் உழைப்புக்கு இவ்வண்டிகள் இன்றும் சான்றாக நிற்கின்றன. அதனாலேயே அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலர் இவற்றைத் தேடியெடுத்துப் புதுக்கி வருகின்றனர்.

புதுக்குவோர் முதலிற் கருதவேண்டுவது ஆணியின் அளவாகும். அதன் குறுக்களவு, நீளம், புரியிடைத் தூரம் ஆகிய மூன்றும் ஒத்திருத்தல் வேண்டும். கண்ணால் நோக்கி அளவிடுதல் ஏமாற்றத்தையே தரும். ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். அமெரிக்க லாரியில் 5/16 அங்குல ஆணிகள் பல உள. மில்லிமீட்டர்க் கணக்கில் அதன் குறுக்களவு 7.94. இன்று கடைகளில் எளிதிற் கிடைக்கும் மெட்ரிக் ஆணியின் குறுக்களவு 8 மில்லிமீட்டர். இரண்டும் ஒன்றே எனத் தோன்றும். ஆயினும் 5/16 அங்குல ஆணியின் பரும்புரியில் ஓர் அங்குலத்திற்கு 18 புரிகள் உள்ளன. அதன் புரியிடைத் தூரம் 1.41 மில்லிமீட்டர். 8 மில்லிமீட்டர் ஆணியிலோ அது 1.25 மில்லிமீட்டர். இவ்விரண்டையும் இணைத்தால் முதற் சில சுற்றுகள் இடரின்றிச் செல்லக்கூடும். பின்னர் இறுகி நிற்கும். வலிந்து திருகினால் புரிகள் சிதையும். வெளிப்பார்வைக்குப் பொருந்தியது போல் இருப்பினும், அவ்வாணி தாங்கவேண்டிய சுமையைத் தாங்காது. ஆதலின் வெர்னியர் அளவியால் குறுக்களவையும், சீப்புப் போன்ற பற்களையுடைய புரியளவியால் புரியிடைத் தூரத்தையும் அறிந்த பின்னரே ஆணியைத் தெரிதல் வேண்டும்.

நாடுதோறும் புரிகள் வேறுபட்டமைக்கு ஒரு வரலாறு உண்டு. முற்காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தான் விரும்பியவாறே புரி வெட்டியது. 1841-இல் இங்கிலாந்துப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் என்பார், புரியின் கோணம் 55 பாகையாக இருத்தல் வேண்டும் என ஒரு பொதுமுறையை வகுத்தார். 1864-இல் அமெரிக்கரான வில்லியம் செல்லர்ஸ், வெட்டுதற்கு எளிதான 60 பாகைக் கோணத்தைப் பரிந்துரைத்தார். அரையங்குல ஆணியில் விட்வொர்த் முறைப்படி ஓர் அங்குலத்திற்கு 12 புரிகள். அமெரிக்க முறைப்படி 13 புரிகள். ஒரு புரியே வேற்றுமை. ஆயினும் ஒன்றன் மரை மற்றொன்றன் ஆணிக்குப் பொருந்தாது. உலகப் போரில் ஓரணியில் நின்ற இரு நாடுகளும், தம் பொறிகளைப் பழுதுபார்க்கையில் இவ்வேற்றுமையால் இடர்ப்பட்டன. அதன் பயனாக, 1948 நவம்பர் 18-ஆம் நாள் அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய மூன்று நாடுகளும் 60 பாகைக் கோணத்தையுடைய ஒரு பொதுப்புரியை ஏற்றுக்கொண்டன. அது பழைய அமெரிக்கப் புரியோடு இயைந்து செல்வதாகும். ஆதலின் ஜி.எம்.சி. லாரியைப் புதுக்குவோர்க்கு அப் பொதுப்புரி ஆணிகள் இன்றும் உதவுகின்றன.

அளவு ஒத்திருப்பினும் வலிமை ஒத்திருத்தல் வேண்டும். இன்று அமெரிக்க முறையிற் செய்யப்பெறும் ஐந்தாந் தர ஆணியின் தலையில் மூன்று கோடுகளும், எட்டாந் தர ஆணியின் தலையில் ஆறு கோடுகளும் பொறிக்கப்பெறுகின்றன. இடைத்தர அளவுகளில் முன்னது சதுர அங்குலத்திற்கு 1,20,000 பவுண்டு இழுவிசையைத் தாங்கும். பின்னது 1,50,000 பவுண்டு தாங்கும். கோடு ஏதுமில்லா மெல்லிய ஆணியைத் திசைமாற்றும் உறுப்பிலோ தடையிலோ பொருத்துதல், ஓட்டுவோர் உயிரோடு விளையாடுவதாகும்.

புரியின் திசையும் கருதத்தக்கது. ஆணிகள் பெரும்பாலும் வலம்புரியாகவே அமையும். இந்த லாரியின் இடப்பக்கச் சக்கரங்களிலோ இடம்புரி மரைகள் உள்ளன. சக்கரம் சுழலும்போது மரை தானே தளராதிருத்தற்பொருட்டு அங்ஙனம் அமைத்தனர். இதனை அறியாதார் வழக்கம்போல் இடப்புறமாகத் திருப்பிக் கழற்ற முயல்வர். மரை மேன்மேலும் இறுகும். முடிவில் ஆணி முறிந்துவிடும்.

இனி, வண்டியின் வரலாற்றுண்மையைக் காத்தல் மற்றொரு கடமையாகும். ஒரே பெயருடைய லாரிகளுள்ளும் வேற்றுமைகள் உண்டு. சிலவற்றில் டிம்கன் நிறுவனத்தின் இருகூற்று அச்சும், சிலவற்றில் வேறுவகை அச்சும் பொருத்தப்பெற்றன. முதலில் எஃகினால் ஆன சரக்குத்தட்டு, போர்க்கால எஃகுத் தட்டுப்பாட்டினால் பின்னர் மரத்தால் செய்யப்பெற்றது. எஃகுத்தட்டிற்கு உரிய ஆணி மரத்தட்டிற்கு ஏலாது. ஆகவே, அமெரிக்கப் படைத்துறை ஜி-508 என்னும் எண்ணின் கீழ் வெளியிட்ட உறுப்புப் பட்டியலைத் துணைக்கொண்டு, தம் வண்டி எவ்வகையது எனத் தெளிதல் வேண்டும். ஜீப் வண்டியிலும் இத்தகைய நுட்பம் உண்டு. போர்க்காலத்தில் அதனை வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் ஒரே அமைப்பில் செய்தன. ஃபோர்டு நிறுவனம் தன் உறுப்புகளிலும் ஆணித்தலைகளிலும் ‘எஃப்’ என்னும் எழுத்தைப் பொறித்தது. அவ்வெழுத்துடைய ஆணிகளைத் தேடி இன்றும் பலர் பழம்பொருட் சந்தைகளில் அலைகின்றனர்.

தேர்ந்த பணியாளர் துருப்பிடித்த ஆணியையும் உடனே எறிந்துவிடார். துருவை இளக்கும் எண்ணெய் இட்டுப் பொறுமையோடு கழற்றுவர். எவ்விடத்தில் இருந்தது எனச் சீட்டெழுதிப் பையில் இடுவர். பழைய ஆணி பயன்படாதாயினும், அதன் அளவும் வடிவும் புதியதைத் தெரிந்தெடுக்க வழிகாட்டும். ஒத்த ஆணி எங்குங் கிடைக்காவிடின், தக்க எஃகினால் கடைசல் பொறியிற் செய்துகொள்வர். அங்ஙனம் செய்ததையும் ஏட்டிற் குறித்து வைப்பர்; புதியதைப் பழையது எனக் கூறிப் பிறரை மயக்கார்.

சரக்குத்தட்டின் அடியில் மறைந்து கிடக்கும் ஆணியை எவரும் காணப்போவதில்லை. ஆயினும் வண்டி மேட்டில் ஏறும்போதும் பள்ளத்தில் இறங்கும்போதும் சுமையைத் தாங்குவது அதுவே. பிறர் காணாத இடத்திலும் பிழையற்றதையே பொருத்தும் பணியாளரே அவ்வண்டியையும், அதனைச் செலுத்தினோர் நினைவையும் உண்மையாகக் காப்பவர் ஆவர்.