கீழே தாங்கு, மேலே பிடி

அன்புள்ள தம்பிக்கு,

திருப்பதியில் ரேணிகுண்டா சாலையில் எழும்பிக்கொண்டிருக்கும் அந்த விடுதிக்கு நீ எழுதிக் கொடுத்த வேலைக் குறிப்பை அதன் உரிமையாளர் என்னிடம் காட்டினார். வரவேற்பறையில் ஆறடிக்கு நான்கடியில் ஒரு நிலைக்கண்ணாடி, அதற்கு எதிரே தேக்குச் சட்டமிட்ட தஞ்சாவூர்ப் பெருமாள் படம், மாடி நடைவழியில் காளஹஸ்தி கலம்காரித் துணிகள், அறைக்கு ஒரு கண்ணாடி. வேலையாட்களுக்குப் புரியட்டும் என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதியிருக்கிறாய். இதே குறிப்பைப் புத்தூர், நகரி வரைக்கும் பையன்கள் கைமாற்றி வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் உனக்கு மட்டும் எழுதாமல் பத்திரிகை வழியாக எழுதுகிறேன்.

மட்டம் பார்ப்பது, வயரும் தண்ணீர்க் குழாயும் ஓடும் இடத்தில் துளையிடாமல் இருப்பது, பெரிய கண்ணாடியை இருவராகத் தூக்குவது, இதெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு ஆத்திரம் மூட்டிய இடங்களுக்கு நேராக வருகிறேன்.

முதலாவது, கறுப்பு ஸ்க்ரூ. ‘எல்லாவற்றுக்கும் இரண்டு இஞ்ச் கறுப்பு ஸ்க்ரூ’ என்று எழுதியிருக்கிறாய். தம்பி, அது ஜிப்சம் போர்டைத் தகரச் சட்டத்தோடு பிடிக்கச் செய்த ஸ்க்ரூ. கடினமாக்கிய இரும்பு. முனை கூர்மை, ட்ரில்லில் வைத்தால் விறுவிறுவென்று இறங்கும், விலையும் மலிவு. ஆகவே எல்லா வேலைக்கும் கை அதைத்தான் எடுக்கிறது. குறுக்கே பாரம் விழுந்தால் அது வளையாது, முறியும். சாதாரண மர ஸ்க்ரூ வளைந்து காட்டும். படம் சாய்ந்திருக்கிறதே என்று வீட்டில் யாராவது சொல்வார்கள், நாம் போய்ச் சரிசெய்யலாம். கறுப்பு ஸ்க்ரூ அந்த அவகாசத்தைக் கொடுப்பதில்லை, ஒரு நொடியில் தலை தெறித்துவிடும். அறைகளில் குளியலறையை ஒட்டிய சுவரில் கண்ணாடி வருகிறது. கீசர் ஆவிக்கு அதன் மேல்பூச்சு தாங்காது, துருப்பிடிக்கும். அங்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் போட வேண்டும்.

நீளத்தையும் நீ கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. இரண்டு இஞ்ச் என்றால் 50 மில்லிமீட்டர். பின்னால் வைக்கும் மரப்பட்டை 18, சுவர்ப்பூச்சு 20. மீதி 12 மில்லிமீட்டர்தான் செங்கல்லுக்குள் போகிறது. நைலான் பிளக்கில் பாதிக்கு மேல் பூச்சிலேயே நிற்கும். பூச்சு பாரம் தாங்காது தம்பி, அது சுவருக்கு மேல்தோல் மட்டும்தான். பிளக்கைப் பூச்சுக்கு உள்ளே, செங்கல் தொடங்கும் இடம்வரை தள்ள வேண்டும். செங்கல்லில் 50 மில்லிமீட்டராவது பிடிப்பு வேண்டும். அப்படியானால் ஸ்க்ரூ மூன்றரை இஞ்ச்.

இரண்டாவது, கம்பி. வரவேற்பறைக் கண்ணாடியின் முதுகில் இரு பக்கமும் வளையம் வைத்து, நடுவே கம்பியை இறுக்கிக் கட்டி, ஒரே கொக்கியில் தொங்கவிடச் சொல்கிறாய். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு இரண்டரை கிலோ. உன் கண்ணாடி 6 மில்லிமீட்டர் கனம். அதுவே 33 கிலோவுக்கு மேல். தேக்குச் சட்டமும் பின்பலகையும் சேர்ந்தால் 40 கிலோவைத் தாண்டும். கம்பியைத் தளர்வாக விட்டு, கிடைக்கோட்டிலிருந்து 30 பாகை சாய்வில் தொங்கவிட்டால் ஒவ்வொரு பக்கமும் 40 கிலோ இழுவை. அழகுக்காக இறுக்கிக் கட்டி 10 பாகை ஆக்கினால், அதே 40 கிலோ கண்ணாடி ஒவ்வொரு பக்கமும் சுமார் 115 கிலோவாக இழுக்கும். சட்டத்தின் இரு பக்கங்களையும் உள்நோக்கி வளைத்து மூலை இணைப்பைப் பிளக்கவும் செய்யும். கம்பியை இறுக்கினால் பத்திரம் என்று நம் பையன்கள் அத்தனை பேரும் நினைக்கிறார்கள். நீயும் அப்படி நினைத்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நம் வீடுகளில் படம் எப்படி மாட்டினார்கள் என்று பார்த்திருக்கிறாயா? சித்தூரில் பழைய ஓட்டு வீடுகள் இன்னும் இருக்கின்றன. காரைக்குடிப் பக்கம் போனால் வளவு முழுக்கப் பார்க்கலாம். வாசற்படிக்கு மேலே வரிசையாகப் படங்கள், முன்னோக்கிச் சாய்ந்து நம்மைப் பார்க்கும். படத்தின் அடிச்சட்டம் சுவரில் அடித்த ஒரு மரச்சட்டத்தின் மேலோ, இரண்டு தடித்த ஆணிகளின் மேலோ உட்கார்ந்திருக்கும். மேலே ஒரு கயிறு, சாய்வு எவ்வளவு என்று பிடித்துக்கொள்ள மட்டும். பாரத்தில் பெரும்பங்கு கீழே இறங்கிவிடும். கயிறு தளர்ந்தால் சாய்வு கூடி எச்சரிக்கை கிடைக்கும். பெல்ஜியம் கண்ணாடிகளையும் இப்படித்தான் வைத்தார்கள். நான் தொழில் கற்ற சித்தூர்க் கடையில் எங்கள் பெரியவர் ஓயாமல் சொன்னது இதைத்தான்: கீழே தாங்கு, மேலே பிடி. கொக்கி, கம்பி, வளையம் எதை வாங்கலாம் என்று என்னிடம் வந்து கேட்பவர்களுக்கு எல்லாம் நான் இன்றைக்கும் இதையே சொல்கிறேன். சலித்துக்கொள்கிறார்கள், ஆனாலும் சொல்கிறேன்.

உன் கண்ணாடிக்கும் அதைத்தான் செய். அடியில் முழு அகலத்துக்கும் தேக்குப் பட்டை, அதை நான்கு இடத்தில் சுவரோடு முடுக்கு. மேலே இரண்டு பிளேட், முன்னால் சாயாமல் பிடிக்க. சட்டமில்லாத அறைக் கண்ணாடிகளுக்கு அடியில் அலுமினியச் சானல், கண்ணாடி உலோகத்தைத் தொடாமல் ரப்பர்த் துண்டு. அடிப்பட்டை தெரியக் கூடாது என்று உரிமையாளர் பிடிவாதம் பிடித்தால், 45 பாகையில் சீவிய இரட்டைப் பட்டையைச் சட்டத்துக்குப் பின்னால் வை. ஒன்று சுவரில், ஒன்று சட்டத்தில், ஒன்றுமேல் ஒன்று கொளுவிக்கொள்ளும். அதிலும் பாரம் பட்டையின் நீளம் முழுக்கப் பரவுகிறது.

அந்தப் பெரியவரின் காலத்தில் ட்ரில் கிடையாது. உளியும் சுத்தியலும்தான். சுவரைக் குடைந்து, தேக்குக் கட்டையைச் சீவி அடித்து, அதில் ஆணி இறக்குவார்கள். மழையில் கட்டை உப்பிக் கெட்டியாகும்; சித்திரை வெயிலில் சுருங்கி ஆடும். கோடை முடிந்ததும் வாடிக்கையாளர் வீடுகளுக்குப் போய் ஒவ்வொரு படத்தையும் அசைத்துப் பார்ப்பது கடைப் பையன்களான எங்கள் வேலை. இதே தொல்லை வெளிநாட்டிலும் இருந்திருக்கிறது. லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தின் சுவர்களைப் பெரிதாக உடைக்காமல் மின்சாதனங்களைப் பொருத்த ஒரு வழி தேடித்தான், 1910-ஐ ஒட்டி ஜான் ஜோசப் ராலிங்ஸ் சணல் நாரில் பிளக் செய்தார். 1958-இல் ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் அதை நைலானில் செய்தார். வெயிலுக்கு மரம்போல் சுருங்காத பிளக் அப்புறம்தான் நம் ஊருக்கும் வந்தது.

பெரியவர் எங்களைச் சந்திரகிரிக்கும் அழைத்துப்போவார். மரமே சேர்க்காமல் கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டிய ராஜமகால் அது, இப்போது தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். காரைப்பூச்சின் கனத்தைக் காட்டி, ‘இந்த மாதிரிச் சுவர் வீட்டில் இருந்தால் உன் ஆணி எங்கே போய் நிற்கும், சொல்’ என்று கேட்பார். அந்தக் கேள்வி உன் குறிப்பில் இல்லை. ‘சுவர்: செங்கல். 10 எம்எம் பிளக்.’ அவ்வளவுதான் எழுதியிருக்கிறாய். ஒரு துளை போட்டுப் பார்த்தாயா? திருப்பதியில் இன்றைக்கு ஒரே கட்டடத்தில் நான்கு வகைச் சுவர் இருக்கும். சிவப்புத் தூள் வந்தால் செங்கல். சாம்பல் நிறத்தில், மெதுவாக, கை அதிர வந்தால் கான்கிரீட் தூண். அங்கே ஆங்கர் போல்ட் போடு. வெளிர்நிறத் தூளாக அழுத்தாமலே இறங்கினால் லைட் வெயிட் பிளாக். சுத்தியல் விசையை நிறுத்திவிட்டுத் துளையிடு, விரியும் ஆங்கர் போல்ட் போட்டால் கல் பிளக்கும், அதற்கென்று உள்ள நீளமான பிளக்தான் வேண்டும். சட்டென்று வெற்றிடத்தில் விழுந்தால் ஹாலோ பிளாக். பெட்டியில் அச்சிட்டிருக்கும் கிலோ பெரும்பாலும் நல்ல கான்கிரீட்டுக்கானது. செங்கல்லில் அதில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் நான் நம்புவதில்லை.

இவ்வளவு திட்டிய பிறகு ஒன்று சொல்கிறேன். அறைகளைப் பற்றி நீ எழுதிய பத்தியைப் படித்து எனக்குக் கண் நிறைந்துவிட்டது. யாத்திரிகர்கள் கட்டிலோடு நிற்பதில்லை, குடும்பமாக வந்து தரையிலும் பாய் விரித்துப் படுக்கிறார்கள். கண்ணாடி விழுந்தால் குழந்தையின் தலையில்தான் விழும். ஆகவே பாய் விரிக்க இடமுள்ள சுவரில் கண்ணாடியே வேண்டாம், மற்ற இடங்களில் உடைந்தாலும் சில்லு சிதறாதபடி முதுகில் பாதுகாப்புப் படலம் ஒட்டு என்று எழுதியிருக்கிறாய். எத்தனையோ விடுதிகளில் வேலை செய்த எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. புளிப்பு வாடை வரும் சிலிக்கான் கண்ணாடியின் வெள்ளிப் பூச்சை அரிக்கும், நியூட்ரல் சிலிக்கான்தான் வாங்க வேண்டும் என்று கடைக்காரருக்கே விளங்கும்படி எழுதியதும் அருமை. உன்னைவிடப் பெரிய தொழில்காரர்களுக்கு அது தெரியாது.

கலம்காரிக்குக் கண்ணாடி வேண்டாம். துணியின் மேல்விளிம்பில் மடிப்புத் தைத்து ஒரு கோலைச் செருகித் தொங்கவிடலாம். தூசிக்குப் பயந்தால் அக்ரிலிக் போடு, எடை பாதிக்கும் கீழே. தஞ்சாவூர்ப் படத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. பலகையும் பூச்சும் கல்லும் கண்ணாடியுமாக அது கனக்கத்தான் செய்யும், அடிப்பட்டை இல்லாமல் மாட்டாதே.

கடைசியாக ஓர் அவசரம். அந்தப் பெருமாள் படம் வருகிற சுவர் செங்கல் இல்லை, ஜிப்சம் தடுப்பு. நான் போய்ப் பார்த்தேன். ஒரு பக்கம் போர்டு அடித்துவிட்டார்கள். மறுபக்கம் இன்னும் திறந்திருக்கிறது, தகரச் சட்டம் தெரிகிறது. இப்போதே 18 எம்எம் ப்ளைவுட்டைச் சட்டங்களுக்கு நடுவே வைத்து முடுக்கினால் அந்தப் படத்தின் கனம் நிற்கும். மூடிவிட்டால் போர்டை வெட்ட வேண்டும். இந்த வாரமே போய் அங்குள்ள மேஸ்திரியிடம் சொல்.

அன்புடன்,
சித்தூரிலிருந்து உன் அண்ணன்